பரஸ்தானப் பையும் பிரெஞ்சு ராஜாவும்

புரட்சிக்குப் பயந்து குடும்பத்தோடு தப்பி ஓடிய பிரெஞ்சு ராஜா பாதி வழியில் பிடிபட்ட கதையை எனக்குச் சொன்னவள் என் ஒன்பது வயது மகள். அப்போது நாங்களும் தப்பி ஓடுவதற்காகக் காரில்தான் உட்கார்ந்திருந்தோம்.

எழுபதுகளின் கடைசி. பிரெஞ்சு பேசும் மாகாணத்தில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தேன். புதிதாகச் சட்டம் வந்து, இனி வேலையெல்லாம் பிரெஞ்சில்தான் என்று ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ழூர், மெர்சி இரண்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டு பாய்லர் ஓட்ட முடியாது. டொரன்டோவில் திங்கள்கிழமை மூன்று மணிக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. கிடைத்தால் குடும்பத்தோடு அங்கே போய்விடுவதாக நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. ஆபீசுக்குக் காய்ச்சல், அக்கம்பக்கத்துக்கு நயாகரா. கோட்டு டிக்கியில், என் மேல் பழைய ஸ்வெட்டர்.

காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்.

"பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றாள் மனைவி.

முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு எந்த நேரத்திலும் போகலாம். வேட்டி, ஒரு பிடி அரிசி, மஞ்சள் எல்லாம் வைத்தாள். கூடவே, போகிற காரியம் பலிக்கட்டும் என்று என் டிகிரி சர்டிஃபிகேட்டையும் இன்டர்வியூ கடிதத்தையும் வைத்தாள். வைத்ததை என்னிடம் சொல்லவில்லை. மகள் பையை எதிர் ஃபிளாட் மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு மாமி வீடு பூட்டியிருந்தது.

"பை கிடக்கட்டும், ஏறு."

"உங்க சர்டிஃபிகேட் அதுலதான் இருக்கு."

"அடிப்பாவி! அறிவிருக்கா உனக்கு?"

"கத்தாதீங்க. ராகு காலத்துல கிளம்பற மாதிரி இன்டர்வியூ வாங்கினது நீங்க."

காரிலேயே காத்திருந்தோம். மகள் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"ராஜா வேலைக்காரன் மாதிரி டிரெஸ் பண்ணிக்கிட்டார்ப்பா." என் ஸ்வெட்டரை ஒரு முறை பார்த்தாள். "வண்டி ரொம்ப பெருசு. மெதுவா போச்சு."

பத்து மணிக்கு மனைவி புளியோதரை டப்பாவைத் திறந்தாள். கார் இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"யாரு பிடிச்சது?" என்று கேட்டேன்.

"வழியில குதிரை மாத்தற இடத்துல ஒருத்தர். பணத்துல ராஜா படம் இருக்கும்ல, அதை வெச்சுக் கண்டுபிடிச்சுட்டார்."

"அவனுக்கென்ன வந்தது? பேசாம விட்டிருக்கலாம்."

"அவர் நல்லவர்ப்பா" என்று புத்தகத்தை மூடினாள்.

நண்பகல் தாண்டியதும் மாடி ஏறி டொரன்டோவுக்கு போன் செய்தேன். ஆபீசுக்குச் சொன்ன அதே காய்ச்சலை அங்கேயும் சொன்னேன். பரவாயில்லை, வேறு ஆள் இருக்கிறார் என்றார்கள். நாற்பத்தொரு வயதில் பிரெஞ்சு அரிச்சுவடியில் தொடங்க வேண்டும்.

மாலையில் மாமி இல்-பிசார் தீவில் இருக்கும் தோழி வீட்டிலிருந்து திரும்பி, பையோடு வந்தாள்.

"இன்னும் நேரம் இருக்கே, அதுக்குள்ள ரெடியா? சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் கிளம்பறோம்னு குழந்தை சொன்னாளே!"

நாங்கள் சொல்லி அனுப்பியது காலை எட்டு மணி. மாமி போகும்வரை மூவரும் சிரித்தபடி நின்றோம். கதவு சாத்தியதும் மகளைப் பார்த்தேன். அவள் ஓடவில்லை.

"எனக்கு இங்கதான் இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க. என்னை யாருமே கேக்கலையே."

நல்ல கோபம் வந்தது. ஆனால் உண்மையிலேயே நாங்கள் அவளைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அரிசியை மனைவி டப்பாவில் திருப்பிக் கொட்டினாள். சர்டிஃபிகேட்டை மகளிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். எங்கே வைத்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.