கண்ணாத்தாள் பார்த்த நடுச்சுவர்

கண்ணாத்தாள் சுவரை நக்கிப் பார்த்துத்தான் ஓதம் கண்டுபிடிக்கிறாள் என்று சேலத்தில் ஒரு பேச்சு உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கரீம் பாஷாவைக் கேட்டால், தான் கண்ணால் பார்த்ததில்லை, கடைக்கு வந்த எலக்ட்ரீசியன் சொன்னான் என்பார். "நாக்கை நீட்டி, மாடு உப்புக்கட்டி நக்குற மாதிரியாம். நாலு சுவரையும் நக்கிட்டு, மூணாவதுதான்னு சொல்லிச்சாம்." எலக்ட்ரீசியனுக்குச் சொன்னது அவன் மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

நக்குவதெல்லாம் இல்லை. சுவரில் பஞ்சு மாதிரிப் பூத்து நிற்கும் வெள்ளை உப்பைச் சுண்டுவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவாள். நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடுவாள். மூன்று எண்ணுவதற்குள் வெளியே போய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வருவாள். வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி இதைச் செய்ய அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் வதந்தி வளர்ந்தது. "வெறும் கரிப்புன்னா போர்த்தண்ணியில கலவை போட்டிருக்கறாங்கன்னு அர்த்தமுங்க. கசந்துதுன்னா செங்கல்லு கோளாறு. சில்லுனு இருந்துதுன்னா அடியில சாக்கடையோ எருவோ கெடக்குது. எந்தப் பொஸ்தகத்துலயும் படிக்கலீங்க. நாக்கு சொல்றதுதான்."

வயது ஐம்பத்திரண்டு. வீடு ஜேடர்பாளையத்தில். ஒரு பழைய மொபட்டின் முன்னால் சுத்தியல், உளி, கரண்டி போட்ட சாக்குப்பை. சேலத்திலிருந்து மேட்டூர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் அந்த மொபட் போகும். பதினெட்டு வருஷம் சித்தாளாக இருந்தவள். எந்தக் கட்டடத்தில் மணலைச் சலிக்காமல் போட்டார்கள், எந்த மேஸ்திரி அரை மூட்டை சிமெண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் என்பதெல்லாம் கலவை குழைத்த கைக்குத் தெரியும். அதனால் கொத்தனார்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. தூரத்தில் மொபட் சத்தம் கேட்டாலே, "சிபிஐ வருதுடா, வாயை மூடுங்க" என்று ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொள்வார்கள். அவள் காதிலும் விழும். "சிபிஐக்கு ஒரு டீ சொல்லுங்கடா" என்பாள்.

அந்த டீயில்தான் அவளுடைய பாடமும் நடக்கும். தண்ணீர் கீழே போகும், மேலே எப்படி ஏறும் என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒருமுறை ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவரே கேட்டார். கண்ணாத்தாள் வாதாடவில்லை. ஒரு ரஸ்க்கை எடுத்து, அதன் அடி நுனி மட்டும் டீயில் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். டீ மெல்ல மெல்ல ஏறி அவள் விரல்வரை வந்தது. "இதுதானுங்க உங்க செங்கல்லு" என்று சொல்லிவிட்டு அதைச் சாப்பிட்டாள்.

கசிவு மேலிருந்து இறங்கும், ஓதம் தரையிலிருந்து ஏறும். இடுப்பளவுக்கு வந்து, கரை போட்ட வேட்டி மாதிரி ஒரு கோடு காட்டி நின்றுவிடும். இது அவள் கணக்கு. சந்தேகம் வந்தால் சேலை வாங்கும்போது வருகிற கண்ணாடிக் கவரைக் கத்தரித்துச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து வருவாள். கவரின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. இளம்பிள்ளைப் பக்கம் போனால் பட்டுச்சேலைக் கவராகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அதுதான் தடிமனாம்.

ஓதம் தெரியக்கூடாது என்று சுவரில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். ஈரம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, அஞ்சாவது அடியில் தலையை நீட்டும். "புண்ணு மேல சாக்ஸ் போட்டாப்லங்க." அவள் வைத்தியத்தில் அவசரம் கிடையாது. ஈரம் ஏறும் வழியை முதலில் அடைக்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு முழம் வரை பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லை வெறுமனே விட வேண்டும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. மாசக்கணக்கில் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு. வீட்டில் செங்கல் தெரிய நாலு மாசம் இருப்பதென்றால் யாருக்கும் மனசு வருவதில்லை. சீர், காதுகுத்து, பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் அவளுக்கு அதிகம் போன் செய்கிறார்கள். வீடு இங்கே, ஆள் அங்கே. வீடியோவில் வந்து, "அக்கா, இன்னும் கொஞ்சம் கீழ காட்டுங்க, இடது பக்கம், இடது பக்கம்" என்று சுவரை ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். டொரண்டோவில் இருக்கிற ஒருவர் தினம் காலையில் கூப்பிட்டு, "காஞ்சிருச்சுங்களா?" என்று கேட்பார். "ஏஞ் சாமி, அங்க பனி கொட்டுதுங்கறீங்க, அதைப் பாருங்க. இந்தச் செவுரு எங்கயும் போவாது." ஆனால் போனை வைக்கிறதுக்கு முன்னால், அவர் கேட்காமல் விட்டதற்கும் பதில் சொல்வாள். "அம்மா கட்டிலை அடுத்த ரூமுக்கு மாத்திப்போட்டேனுங்க. ராத்திரி இருமல் இல்லைங்கறாங்க."

கல்யாண மண்டபத்துக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் இருக்கிற சுவரைத்தான் பார்ப்பாள். எந்த வீட்டிலும் சுவரில் சாய்ந்து உட்காருவதில்லை. நடு அறையில் சம்மணம் போட்டு உட்காருவாள்.

போன வைகாசியில் பரமத்தி பக்கம், வாய்க்கால் கரை ஊர் ஒன்றிலிருந்து தண்டாயுதபாணி என்பவர் அவளைக் கூப்பிட்டார். கோழிப்பண்ணை வைத்திருந்து, அதை விட்டுவிட்டுத் தீவனக் கடை நடத்துகிறவர். அவரும் தம்பி காளிதாஸும் சேர்ந்து கட்டிய வீடு; குறுக்கே ஒரே நடுச்சுவர், இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. தம்பிக்கு லாரித் தொழில். நடுச்சுவரில் அண்ணன் பக்கம் இடுப்பளவுக்கு ஓதம். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுக் குளியலறை. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மிணி" என்றார் தண்டாயுதபாணி வாசலிலேயே. "பாத்ரூம் தண்ணிதான்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க, போதும். வெள்ளிக்கெழம இதைப் பேசப் பங்காளிங்க கூடறாங்க. ஞாயித்துக்கெழம அவம் புள்ளைக்குக் கல்யாணம். பத்திரிகையில என்ற பேரே இல்லீங்க. யாழினின்னு அந்தப் புள்ளைக்குப் பேர் வெச்சதே நானு."

"பாத்ரூம் இன்னும் அங்கயேதான் இருக்குதுங்களா?"

"போன வருசமே இடிச்சுப்போட்டுக் கொல்லையில கட்டிக்கிட்டான். அப்பவும் காயலையே. குழாயை உள்ளயே உட்டு வெச்சிருக்கறான், வேணும்னே."

அன்று செவ்வாய்க்கிழமை. கண்ணாத்தாள் ஓதம் பிடித்த சுவரை முதலில் பார்க்கவே இல்லை. வெளியே போய்த் தம்பி வீட்டு வாசல் பந்தலுக்குக் கீழே நின்று இரண்டு வாசற்படிகளையும் பார்த்தாள். தம்பிக்கு இரண்டு படி, அண்ணனுக்கு மூன்று. திரும்பி வரும்போது, நடுத்தர உயரமே உள்ள தண்டாயுதபாணிகூட நிலைவாசலில் தலையைக் குனிந்து நுழைந்ததைக் கவனித்தாள். உள்ளே பிளக் பாயிண்ட் கணுக்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் திண்டு முழங்காலுக்கு வந்தது.

"ஏனுங்ணா, இந்த ஊட்டுல எல்லாமே குட்டையா இருக்குதுங்களே?"

சமையல்கட்டில் அவர் மனைவி மதுமதி சிரித்துவிட்டாள். "ஊடு குட்டை இல்லீங்க்கா. தரைதான் வளந்துபோச்சு."

கண்ணாத்தாள் சுவரில் மூன்று இடத்தில் சேலைக் கவரை ஒட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை வந்தபோது, பழைய குளியலறைக் குழாய் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில் ஒட்டிய கவர் ஒட்டினபடியே காய்ந்திருந்தது. தரையோரம் ஒட்டிய இரண்டிலும் உள்ளே மழை பெய்த மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். உப்பைக் கீறி நாக்கில் வைத்தாள், சில்லென்றது. கண்ணைத் திறந்து கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"கோழிக்கொட்டாய் மண்ணு ஏதாச்சும் உள்ள கொட்டுனீங்களா?"

தண்டாயுதபாணி மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள்.

"பண்ணையை எடுத்தப்ப கெடந்த மண்ணு" என்றார். "தரையை ஒசத்தறதுக்கு ரொப்புனோம். அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

கண்ணாத்தாள் உளியை எடுத்தாள். முதலில் குழாய் இருந்த இடத்துச் சிமெண்டைத் தட்டி எடுத்தாள். கை நுழைகிற அளவு ஓட்டை, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே குழாய் இல்லை. சிலந்தி வலையும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. "ஒரு சொட்டு தண்ணி பட்டிருந்தா இதுக இங்க குடியிருக்குமுங்களா?" பிறகு சுவரோரம் ஒரு டைல்ஸைப் பெயர்த்து, கையாலேயே மண்ணை அள்ளினாள். கறுத்து, பிசுபிசுவென்று, மூக்கில் குத்துகிற மண். ஒரு சாண் ஆழத்தில் பழைய ரெட் ஆக்ஸைடு தரை வந்தது. அதை ஒட்டிச் சுவரில் ஒரு சிமெண்ட் பட்டை. வீடு கட்டும்போது, மண்ணின் ஈரம் மேலே ஏறாதபடி மறிக்கப் போடுகிற பட்டை அது.

"பெல்ட்டு நல்லாத்தானுங்க இருக்குது. நீங்கதான் அதுக்கு மேல மண்ணைக் கொட்டிப்போட்டீங்க. அணையைக் கட்டிப்போட்டு, அணைக்கு மேல ஆத்தை உட்டாப்ல. எதுக்குங்க ஒசத்துனீங்க?"

மதுமதிதான் சொன்னாள். "வாஸ்துக்காரர் ஒருத்தர் வந்து, தம்பி ஊடும் அண்ணன் ஊடும் ஒரே மட்டமா இருக்கக்கூடாது, மூத்தவன் ஊடு ஒசந்திருக்கோணும்னாருங்க்கா. நான் அப்பவே வேண்டாம்னேன்."

"ஒரு சாணுங்க" என்றார் தண்டாயுதபாணி. "ஒரே ஒரு சாண்தான்."

"அந்த ஒரு சாண்லதானுங்க ஏறுது."

அடுத்த வீட்டுப் பந்தலில் யாரோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்கிற குரல் கேட்டது. தண்டாயுதபாணி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மிணி, நாளைக்குப் பங்காளிங்க முன்னால நான் எப்படிங்க நிக்கறது? பாத்ரூம்னே எழுதிருங்க. கல்யாணம் முடியட்டும். தரையை நானே பொறுமையா எடுத்துக்கறேன்."

"எழுதறதுக்கு எனக்கு என்னங்ணா? என்ற பேரு எழுதத் தெரியும். ஆனா அந்தப் புள்ள ஒரு வருசமா கொல்லையில போயி குளிக்குதுங்களே. கல்யாணப் பொண்ணு. மழையிலயும் கொடையைப் புடிச்சுக்கிட்டுப் போயிருக்குமில்லீங்க. அதுக்கு எந்தக் காயிதத்துல எழுதறது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பெயர்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை குனிந்து அந்த மண்ணைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"எப்ப எடுக்கோணும்?" என்றார்.

"கல்யாணத்துக்கு ஒறம்பரை சனமெல்லாம் வந்து போனதுக்கப்பறம் எடுக்கலாமுங்க. செவுரு காயறதுக்கு எப்படியும் தீவாளி தாண்டீரும்."

"செவுரு கெடக்குது" என்றாள் மதுமதி. சார்ஜில் இருந்த போனைப் பிடுங்கி வந்து அவர் கையில் வைத்தாள். "மொதல்ல இதைப் பண்ணுங்க. பங்காளிங்க சொல்லி நீங்க தம்பிகிட்டப் போறதுக்கு முன்னால நீங்களே சொல்லிப்போடுங்க."

"எடுக்க மாட்டான்."

"போட்டுப் பாருங்க."

கண்ணாத்தாள் இதில் தலையிடவில்லை. திறந்த ஓட்டையை அடைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று கொல்லையில் ஒரு பாண்டுச் சட்டியில் கொஞ்சம் கலவை குழைத்து எடுத்து வந்தாள். தண்டாயுதபாணிக்குத் தம்பி நம்பரைத் தேட நேரமானது. இரண்டு வருஷத்தில் அது பட்டியலில் எங்கோ கீழே போயிருந்தது. அழுத்திவிட்டுக் காதில் வைக்காமல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம், லாரியின் ஏர்ஹாரனைப் போல ஒரு போன் அலறியது. குழாய் ஓட்டை வழியாக அது இந்த அறைக்குள்ளேயே அடிக்கிற மாதிரி கேட்டது. யாரோ செருப்போடு நடந்து வந்தார்கள். கிட்டத்தில் வந்து நின்றார்கள். அலறல் நின்றது, முழுதும் அடித்து ஓய்ந்ததுதான், எடுக்கவில்லை.

"சொன்னனில்ல" என்றார் தண்டாயுதபாணி. ஆனாலும் அவர் கட்டைவிரல் மறுபடியும் அதே பேரை அழுத்தியது.

மறுபடியும் அந்தப் பக்கம் ஏர்ஹாரன். நடை சத்தம் இல்லை. வந்தவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க வேண்டும். கண்ணாத்தாள் கலவையைக் கரண்டியில் அள்ளி ஓட்டைக்கு நேரே கொண்டுபோனாள். பிறகு கரண்டியைப் பாண்டுக்கே திருப்பி, கலவையைச் சத்தமில்லாமல் வழித்துவிட்டாள். ஓட்டை திறந்தே இருக்கட்டும். போன் அடித்துக்கொண்டே இருந்தது.