இரண்டாம் நம்பர் ஏன் தாழவில்லை

தபீதாளுக்கு என்ன வேலை என்று இரும்புலியூரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. 'சேட்டிலைட்டில் வேலை' என்று அவள் அண்ணன் ஜெபராஜ் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அதனால் மழை நாளில் டிவி தெரியாமல் போனால் பக்கத்து வீட்டு பக்தவச்சலம் வாசலில் வந்து நிற்பார்.

"பாப்பா சும்மா இருந்தா மாடிக்கு வந்து டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி விடச் சொல்லுப்பா."

ஜெபராஜ் கோபப்பட மாட்டான். தானே மாடியேறித் திருப்பிவிட்டு, இறங்கும்போது சொல்வான்: "அவ பாக்கறது பெரிய சேட்டிலைட்டு சார். இதுக்கெல்லாம் நானே போதும்."

அண்ணன் ஏழு வயது மூத்தவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்து நாலு மார்க். ஒரு மார்க் போட மனசு வராத அந்த மகராசனை ஒவ்வொரு ஞாயிறும் ஜெபத்தில் மன்னித்துக்கொண்டு வருகிறான், இன்னும் முடிந்தபாடில்லை. படிப்பு நின்றதும் கிரில் பட்டறையில் சேர்ந்தான். இன்று சொந்தப் பட்டறை. ஒரு மில்லி பிசகினாலும் வைத்த வெல்டை அறுத்துவிட்டு மறுபடி வைப்பான். அந்த ஒரு மார்க் போனதிலிருந்து வந்த வியாதி என்பாள் அவன் மனைவி டெபோரா.

தங்கையின் வியாதி வேறு. வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. ரயில் போனால் அலமாரித் தம்ளர்கள் நடக்க ஆரம்பிக்கும். மற்றவர்கள் தம்ளரைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். தபீதாள் அது எவ்வளவு நகர்ந்தது என்று பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். வெள்ளையடித்த சுவரைக் கெடுத்ததற்கு வீட்டில் முதுகில் நாலு வாங்கினாள். வளர்ந்து, படித்து, அதே வேலைக்குச் சம்பளம் வாங்கினாள். இப்போது கோடு போடுவது வானத்திலிருந்து, அவ்வளவுதான் வித்தியாசம்.

சேட்டிலைட் ஒன்று பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை ஊருக்கு மேலே போகும். போகும்போது ரேடார் அலையைக் கீழே விட்டு, திரும்பி வருவதைப் பிடிக்கும். போன தடவை வந்ததையும் இந்தத் தடவை வந்ததையும் ஒப்பிட்டால், தரை சில மில்லி தாழ்ந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரயில் போகும் மண்கரை எங்கே உட்காருகிறது என்று இந்த முறையில் கண்டுபிடிக்க முடியுமா என ஒரு கம்பெனி சோதனை நடத்தியது. கணக்குப் பார்ப்பவள் தபீதாள்.

கரை முழுக்கப் புல்லும் புதரும். புதரிலிருந்து ரேடாருக்குத் தெளிவான பதில் வராது. அதனால் பெட்டியின் மூலை மாதிரி மூன்று தகடுகளைச் சேர்த்து, மூன்று இடத்தில் நட வேண்டும். வேலை அண்ணன் பட்டறைக்கு வந்தது.

"இது இன்னாத்துக்கு பாப்பா?"

"மேல இருந்து அது அட்டெண்டன்ஸ் எடுக்கும். இது 'உள்ளேன் ஐயா' சொல்லும்."

"அப்ப கூன் போடாம நிக்கணும்" என்றான் ஜெபராஜ். மூலைமட்டம் வைத்து, நாலு தடவை அறுத்து ஒட்டினான். மே மாதம் மூன்றையும் கான்கிரீட் போட்டு நட்டான். நட்ட அன்றே ஐம்பதடி டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டாம் நம்பர் தகட்டின் மட்டத்தைப் பக்கத்துப் பாலத்தின் தூணில் சிவப்புப் பெயின்டால் குறித்தும் வைத்தான். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

செப்டம்பர் கடைசியில் தபீதாள் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சுடி?" என்றாள் டெபோரா.

"கரை உட்காருது அண்ணி. சுத்தி இருக்கிற கரண்ட் கம்பமும் இரும்புதானே, ரேடாருக்குத் தெரியும். அதெல்லாம் பதினாலு மில்லி வரைக்கும் இறங்கியிருக்கு. ஆனா நட்ட நடுவுல நிக்கிற ரெண்டாம் நம்பர் மட்டும் பாஸ்டர் பிரசங்கம் மாதிரி, இடத்தைவிட்டு நகரவே மாட்டேங்குது."

கம்பெனியின் ஆலோசகர் சூர்யநாராயணன், ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், மீட்டிங்கில் சிரித்தே கொன்றிருக்கிறார். "நீங்களே நட்ட தகடு இறங்கலைன்னு சொல்லுது. நீங்க இறங்குதுன்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா." வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் அறிக்கை குப்பைக்கு.

"அறிக்கை போனா போவட்டும். மழை வருது. ஈரம் இறங்கின கரைமேல அத்தனை வண்டியும் ஃபுல் ஸ்பீடுல போகும். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க." என்றாள் தபீதாள்.

ஜெபராஜுக்குப் புரையேறியது. டெபோரா தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

"ஏன் புரையேறுதுன்னு கேளு. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சா உங்கண்ணன் டியூபைத் தூக்கிக்கினு எங்க போறார்னு கேளு."

"அண்ணா?"

"அது... ரெண்டாம் நம்பர் கொஞ்சம் எறங்கிச்சு பாப்பா. என் கான்கிரீட்டுதான் சரியில்லைன்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா பட்டறை பேரு நாறிடும். அதான், ரெண்டு மில்லி எறங்கினா போல்ட்டைக் கழட்டி ஒரு வாஷர் வெச்சு, பழையபடி மட்டத்துக்குத் தூக்கிடுவேன்."

"அய்யோ! எறங்குறதைப் பாக்கத்தானே நட்டதே!"

"இன்னா பாப்பா, கோணலா வுட்டுட்டா வர்றது?"

"எருமை! நாலு மாசமா சேட்டிலைட்டை ஏமாத்தியிருக்க! எழுநூறு கிலோமீட்டர் மேல இருக்கிறதை வாஷர் வெச்சு ஏமாத்தின ஒரே ஆள் உலகத்துலயே நீதான்!"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஜெபராஜ் ஒரு நொடி யோசித்தது டெபோராவுக்குத் தெரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழப்போன தபீதாள் பாதியில் நின்றாள்.

"எத்தனை வாஷர்?"

"போல்ட்டுக்கு ஏழு. ஒவ்வொண்ணும் ரெண்டு மில்லி. வெச்ச தேதியை அடிப்பிளேட்டுல கீறி வெச்சிருக்கேன்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சூர்யநாராயணன் தகட்டின் முன்னால் குனிந்து நின்றார். ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தப்பாய்ச் சொன்ன பையன் மாதிரி எதிரே ஜெபராஜ்.

"இதெல்லாம் நேத்து ராத்திரி கீறினதில்லையே?"

"துருவைப் பாருங்க சார். ஜூன்ல கீறினது செவந்து போச்சு. போன வாரத்துது இன்னும் பளபளன்னு கீது. துருவை நான் பட்டறையில பண்ண முடியாது."

நாலு போல்ட்டிலிருந்தும் வாஷர்களை எடுத்து, தகட்டை மறுபடி வெறும் கான்கிரீட்மேல் உட்கார வைத்தான். டியூபின் ஒரு முனையை அதன் ஓரத்தில் பிடித்தான். மறுமுனையைத் தூணில் பிடிக்க யாரையும் விடவில்லை பெரியவர். சரளைக்கல்லில் தடுமாறித் தானே போய்ப் பிடித்தார். தண்ணீர் ஆடி அடங்கியது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே நின்றது. ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு சார்?" என்றாள் தபீதாள்.

"பதினாலு" என்றார். சிரிப்பைக் காணோம். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். "ஆமாப்பா, இன்னிக்கே. முதல்ல வேகத்தைக் குறைங்க, அப்புறம் தோண்டிப் பாருங்க."

தோண்டியபோது, கரைக்கு அடியில் போகும் பழைய மதகின் ஓரமாகத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது தெரிந்தது. மழைக்கு முன்னால் அடைத்தார்கள்.

அடைக்கும்வரை அந்த இடத்தில் எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போனது. ஒரு நாள் மின்சார ரயிலில் ஜெபராஜும் டெபோராவும் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் ஆபீஸ் பையைத் தலைக்குமேல் பிடித்தபடி வெடித்தார்.

"தினம் இதே பேஜாரு. எவன் சார் இவ்ளோ ஸ்லோவா போவச் சொன்னது?"

"எவனும் இல்ல சார்" என்றான் ஜெபராஜ். "என் தங்கச்சி."

அவர் சற்று நகர்ந்து நின்றுகொண்டார். டெபோரா இடுப்பில் கிள்ளினாள். ஜெபராஜ் கண்டுகொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டாம் நம்பர் மெதுவாக வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அவன் கை தானாகச் சட்டைப்பையில் வாஷரைத் தேடியது. தபீதாள் எல்லா வாஷரையும் எப்போதோ பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.