புள்ளி மழையில் ஒரு தொடையெலும்பு

தச்சநல்லூர் நேசையாவுக்கு வயது அறுபத்தொன்று. ஒரு காலத்தில் வீட்டு டிவிகளைப் பிரித்தவர். இப்போது ஆபரேஷன் நேரத்தில் எலும்பைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ்ரே இயந்திரங்களைப் பிரிக்கிறார். புதியவற்றில் சில்லு, பழையவற்றில் கண்ணாடிக் குழாய் கேமரா. அந்தக் குழாயின் குணம் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார் போல. அவ்வளவு முக்கியமான ஆள் என்பதால் இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை.

சென்ற ஆயுத பூசைக்கு மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு. நேசையா போய்ச் சேர்ந்தபோது, வரப்பில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்த முத்துராணி மேசையில் கிடந்தார். முதுகில் மரப்பு ஊசி போட்டாயிற்று. அது தெளிவதற்குள் கம்பி வைத்தாக வேண்டும். திரையிலோ எலும்பு இல்லை. ஒரே புள்ளி மழை, குறுக்கே கோடுகள்.

"எக்ஸ்ரேயைக் கூட்டியும் பாத்துட்டேன் அண்ணாச்சி," என்றார் டாக்டர் ஹரிஹரசுப்பிரமணியன். "தெரியலேன்னா இவங்களைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்."

"மொதல்லேருந்தே இப்படியா?"

"அரை மணி நேரம் நல்லாத்தான் தெரிஞ்சுது."

நேசையா அண்ணாந்து பார்த்தார். கேமராவைச் சுற்றி மஞ்சள் பட்டு, அதன்மேல் சந்தனம், அதற்கும் மேல் மாலை. காற்றுத் துளை ஒன்றுகூடத் தப்பவில்லை. அதே பிளக்கில் சீரியல் பல்பு வேறு மினுங்கியது.

"குழாய் வேக்காட்டுல கெடக்கு டாக்டரய்யா. சூடேறுனா வெளிச்சமில்லாத எடத்துலயும் கரண்டு கசியும். அதான் புள்ளி. கோடு, அந்தப் பல்பு செய்யுத வேலை."

"அப்ப அவுத்துருங்க!"

நேசையா கையைக் கட்டிக்கொண்டார். "நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன். பூசைத் துணியில கைவச்சா வேற பேச்சாயிரும். நீங்களே அவுத்துருங்க."

கிருமி நீக்கிய கையுறையோடு டாக்டர் விழித்தார். மேசையிலிருந்து குரல் வந்தது.

"எய்யா, சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். பைய அவுத்து விடுங்க!"

நேசையா அவிழ்த்தார். பல்பைப் பிடுங்கினார். இயந்திரத்தை அணைத்து, ஏசிக் காற்றில் இருபது நிமிடம் ஆறவிட்டார். மறுபடி போட்டதும் கோடுகளைக் காணோம். புள்ளிகள் கொஞ்சம் மிச்சமிருந்தன.

"அது கூடப்பொறந்தது, போவாது," என்றார் நேசையா.

ஆனால் எலும்பு தெரிந்தது. முத்துராணி தலையைத் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்டயும் இம்புட்டு வெள்ளையா ஒண்ணு இருந்திருக்கே!"

நாலு மாதம் கழித்து முத்துராணி ஒரு பை கத்திரிக்காயோடு நேசையாவின் மாடி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இருவத்திரெண்டு படி அண்ணாச்சி. கம்பியப் பிடிக்காமலே ஏறிட்டேன்."