நுனி அடைத்த சங்கு

விம்கோ நகரில் அந்த வீட்டுப் படியிறங்கி மாமா வேகமாக நடக்க, நான் காலி வாளியோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். பெண் கேட்டு உள்ளே போனவர், கொடுத்த டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார். பெண்ணின் அப்பா சொன்னது வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. "உன் மேல ஒரு கொறையும் இல்ல நைனா. சாவுக்கு சங்கு ஊதறவனுக்குப் பொண்ணு குட்தா எங்க ஜனம் இன்னா பேசும்?"

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. திரும்பும் வழியில் கடற்கரையில் பெரிய சங்கு தேடலாம் என்று மாமா சொல்லியிருந்தார். வாளி எடுத்துப் போனதே அதற்குத்தான்.

சங்கு என் நண்டுக்கு. காசிமேட்டில் வலையோடு வந்து, விலைபோகாமல் ஒதுக்கப்பட்ட சங்கு நண்டு அது. பின்னுடம்புக்கு ஓடு கிடையாது. ஏதோ ஒரு பூச்சி விட்டுப்போன சங்கில் அதைச் செருகிக்கொண்டு அலையும். ஒரு சாவு வீட்டில், செத்தவரின் துணிமணிகளோடு மாமாவுக்குக் கொடுத்த கண்ணாடி மீன் தொட்டியில் வளர்த்தோம். அவர்தான் குடத்தில் கடல்தண்ணீர் கொண்டுவந்து மாற்றுவார். நண்டு வளர்ந்தது, சங்கு வளரவில்லை. பயந்தால்கூட உள்ளே ஒடுங்க முடியாமல் கொடுக்கும் காலும் வெளியே பிதுங்கி நிற்கும்.

திருவொற்றியூர்க் கரை நெடுக, அலை ஊரைத் தின்னாமலிருக்கப் பாறை கொட்டியிருந்தார்கள். இடுக்கு இடுக்காகத் தேடினேன். சிப்பியும் ஒற்றைச் செருப்பும்தான் கிடைத்தன. மாமா தேடவே இல்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து எண்ணூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். "இன்னாடா சொன்னாங்க?"

"நண்டுக்கு வூடு கெடைக்கலக்கா."

"ஒனக்கே ஒரு வழியக் காணோம், நீ நண்டுக்கு வூடு தேடுறியா" என்று சிரித்தவள், தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமா ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்தார். அதில் அவர் ஊதும் சங்கு இருந்தது. என்னைத் தொடக்கூட விடமாட்டார். அதைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, "பாத்துச் சொல்லுடா" என்றார் நண்டிடம்.

நண்டு சங்கை உருட்டியது. உள்ளே கொடுக்கை விட்டுத் துழாவியது. நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விட்டது. ஊதுவதற்காக நுனியை அறுத்த சங்கு அது.

"ஓட்ட வூடு வாணாமாம் தொரைக்கு."

மெழுகுவத்தியைக் கொளுத்தி, நுனி ஓட்டைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். ஆறவிட்டு மறுபடி விட்டார்.

"மாமா, அப்பறம் எப்டி ஊதுவ?"

"நான் ஊதலன்னா எவனாச்சும் சாவாம கெடப்பானா மாப்ள?"

இந்த முறை நண்டு யோசிக்கவில்லை. சுருண்ட வெள்ளை உடம்பைப் பழைய சங்கிலிருந்து உருவி, கண் இமைப்பதற்குள் புதியதில் செருகிக்கொண்டது. நான் கைதட்டினேன். ஆனால் பெரிய சங்கோடு அது திரும்ப முயன்றால் ஒரு பக்கம் கண்ணாடி இடித்தது, மறுபக்கம் திரும்பினால் அங்கேயும் இடித்தது.

"இதுக்கு மேல இங்க எடமில்ல மாப்ள. வா, வுட்டுட்டு வந்துடலாம்."

அழுதுகொண்டேதான் வாளியைத் தூக்கினேன். இருட்டுவதற்கு முன் பாறை இடுக்கில் இறக்கி வைத்தோம். ஒரு அலை வந்து போனது. நண்டு கொஞ்சம் நகர்ந்தது. அடுத்த அலை போனபோது அங்கே நண்டும் இல்லை, சங்கும் இல்லை. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். நண்டு போன துக்கம் அவருக்கும் என்று நினைத்து, "நல்லாத்தான் இருக்கும் மாமா" என்று நானே ஆறுதல் சொன்னேன்.

அவருடைய சங்கை எனக்காகத்தான் கடலில் விட்டார் என்று ரொம்ப காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டுப் போனவர் ஒரு பொங்கலுக்கு வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தேன். நெடுஞ்சாலை டீக்கடைகளில் லாரி வந்து நின்றால், இறங்குகிற ஆட்களின் முகத்தை இன்றும் பார்த்துவிட்டுத்தான் கிளாசைக் கீழே வைக்கிறேன்.

நண்டைக் கடலில் விட்ட மறுநாள் விடிந்ததும் மாமா, துறைமுக வாசலில் வரிசையில் நின்ற ஒரு கண்டெய்னர் லாரியில் கிளீனராக ஏறினார். விசாகப்பட்டினம் போகிற லோடு. வண்டி நகர்ந்தபோது நான் கூடவே ஓடி, "வரும்போது இன்னொரு நண்டு எடுத்துகினு வா மாமா" என்று கத்தினேன்.