பதினைந்து நிமிடச் சோதனை

பிளாஸ்டிக் துண்டில் எடை கட்டி, சூடான ஓவனில் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பதுதான் திண்டுக்கல்லில் என் வேலை. வெந்நீர்க் குழாய் பிளாஸ்டிக்கின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. பின்னிய ஸ்வெட்டர் மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் பிணைப்பு சரி. எத்தனை வருடம் உழைக்கும் என்பது வேறு சோதனை. அதற்குத் துண்டு வாரக்கணக்கில் ஓவனில் வேக வேண்டும்.

அண்ணன் கொடைக்கானலில் பிளம்பர். மார்கழிக் குளிரில் குழாய் விறைத்துப்போய் இணைப்பில் ஏறாது. அங்கே பலரும் செய்வதுபோல அவரும் முனையை கேஸ் தீயில் வாட்டி, இளகியதும் சொருகிவிடுவார். ஒரு லாட்ஜ் முழுக்க அப்படி மாட்டியபின் அவருக்கே பயம் வந்தது. அண்ணிக்கு அந்த லாட்ஜில்தான் துணி துவைக்கும் வேலை. வாட்டிய துண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்பி, தாங்குமா என்று கேட்டார்.

நான் செய்தது பதினைந்து நிமிடச் சோதனை மட்டும். துண்டு நீண்டது, எடையை எடுத்ததும் சுருங்கியது. தீ பட்ட இடம் மஞ்சளாகப் பழுத்திருந்ததையும் பார்த்தேன். நீண்ட சோதனைக்கு மேலதிகாரியிடம் ஓவன் கேட்க வேண்டும். சொந்த விஷயத்துக்குப் போய் யார் பல்லைக் காட்டுவது என்று இருந்துவிட்டேன். தாங்கும் என்று போனில் சொன்னேன். அவர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

இரண்டு குளிர்காலம் தாங்கியது. மூன்றாவதில் துவைக்கும் இடத்து இணைப்பில் குழாய் பிளந்து, வெந்நீர் அண்ணியின் வலது கை முழுக்கக் கொட்டியது.

ஆஸ்பத்திரிக்கு வந்த லாட்ஜ் முதலாளி, குழாயே மட்டமோ என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"குழாய்ல குறை இல்லைங்க," என்றார் அண்ணன். "எந்தம்பி லேப்ல பாத்துட்டுத்தான் சொன்னான். நான் மாட்டுனதுலதான் தப்பு."

ஊர் திரும்பி, மிச்சமிருந்த துண்டை யாருக்கும் தெரியாமல் ஓவனில் போட்டேன். ஆறாம் வாரம் எடுத்து வளைத்தபோது, வாட்டிய இடத்திலேயே அப்பளம் மாதிரி உடைந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் பிளம்பிங்கை விட்டுவிட்டு பக்கத்துக் கிராமமான கவுஞ்சியில் கேரட் மூட்டை ஏற்றப் போகிறார். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்குப் போயிருந்தேன். அண்ணியின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் கரண்டியைப் பிடித்து என் இலையில் சோறு வைத்தார்.

"தப்பா எடுத்துக்கிறாதீங்க தம்பி," என்றார். "இந்தக் கைதான் வருது."