காம்பியா முத்திரையும் அம்மாவின் கறிச்சட்டியும்

நனைந்த கடித உறையில் இருந்து ஒரு பசை வாசம் வரும்... அந்த வாசம் வந்தால் அப்பா குசினிக்குள் நிற்கிறார் என்று அர்த்தம். அம்மாவின் கறிச்சட்டியில் தண்ணீர் விட்டு, உறையில் ஒட்டிய தபால் முத்திரையைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளில் இரணைமடு வாய்க்காலோரம் வயல் செய்துகொண்டிருந்தோம். சண்டைக்காலத் தடை; மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. அப்பாவுக்கு மட்டும் முத்திரைக் கவலை!

கனடாவுக்கென்று அண்ணாவை அனுப்பினோம். ஏஜென்ட் அவரை ஆபிரிக்காவில், காம்பியாவில் விட்டுவிட்டு மாயமாகிவிட்டான். மாதக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக வவுனியா தாண்டி முதல் கடிதம் வந்தது.

அம்மா கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அப்பா உறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்சை பார் பிள்ளை, காம்பியா! என்னட்டை வெள்ளைக்காரன் காலத்து முத்திரை இருக்கு. ராசான்ரை தலை, கீழை யானையும் ஒரு மரமும். அதே ராசாதான் எங்கடை சிலோன் முத்திரையிலையும் இருந்தவர். இது சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது, குருவி போட்டிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை எங்கோ தவிக்கிறது, இவர் குருவி பார்க்கிறார்.

பதில் எழுத அம்மா உட்கார்ந்தார். விலாசம்? அண்ணா அதை உறையின் பின்பக்கம் மையால் எழுதியிருந்தார். உறை? கறிச்சட்டிக்குள்... தண்ணீர் நீலமாகிவிட்டிருந்தது.

"உங்களுக்குப் பிள்ளை வேணுமோ, முத்திரை வேணுமோ?"

அம்மா சட்டியோடு தூக்கி முற்றத்தில் ஊற்றினார். அப்பா குனிந்து முத்திரையைப் பொறுக்கினார். என்ன மனிதர் இவர் என்றிருந்தது.

அந்த மாரி முழுக்க அண்ணாவுக்குப் பதில் போகவில்லை. இங்கே குண்டு விழுகிற செய்தி மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும். நாங்கள் இருக்கிறோமா, இல்லையா என்று தெரியாமல் பிள்ளை என்ன பாடுபடுகிறதோ என்று அம்மா புலம்பாத நாளில்லை.

பிறகு அடுத்த கடிதம் வந்தது. உறை நிறைய விதவிதமான முத்திரைகள். உள்ளே அண்ணா எழுதியிருந்தார்:

"பதில் வரேல்லை. அப்பா கவரைத் தண்ணிக்குள்ளை போட்டிருப்பார் எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறன். அதுதான் இந்தமுறை விலாசத்தை உள்ளுக்கு எழுதியிருக்கிறன்."

எத்தனை இடப்பெயர்வு! அம்மாவின் தையல் மெசினை விட்டுவிட்டு முத்திரை அல்பத்தைச் சுமந்தவர் எங்கள் அப்பா. அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

எப்படியோ கனடா போய்ச் சேர்ந்த அண்ணா போன வருடம் வந்தபோது, அப்பா அந்த அல்பத்தில் காம்பியாப் பக்கத்தை ஆசையாக விரித்தார். அண்ணா தடவிப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிடிக்குமெண்டுதான் அப்பா இவ்வளவும் ஒட்டினனான். இருந்த காசு முத்திரைக்குப் போய், அண்டைக்குச் சாப்பாடு இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

இப்போது கடிதமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. தினமும் வாட்ஸப்பில் வீடியோ கோல். அண்ணாவின் முகம் தெரிந்ததும் அப்பா அம்மாவிடம் இருந்து போனைப் பறிக்கிறார்.

"தம்பி, சாப்பிட்டியோ?"

அண்ணாவுக்கு ஐம்பது தாண்டி, தொப்பையும் வைத்துவிட்டது. "ஓம், இப்ப கேளுங்கோ!" என்று அம்மா பல்லைக் கடிக்கிறார். அப்பா விடுவதாயில்லை...

"என்ன சாப்பிட்டனி? சொல்லு."