மீசைக்காரிக்கு ஒரு மூக்குத்தி

அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நான் ஆடுவது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அதே கோலத்தை, என் மீசையோடு பாத்திரம் தேய்க்கும் ஒருத்தியாக, நான் வேலை பார்க்கும் அருள்புரம் பனியன் கம்பெனியில் எம்பிராய்டரி மெஷினில் வேஸ்ட் துணியில் போட்டுப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

துணி காணாமல் போனது. என்னைக் காலேஜ் வரை படிக்கவைத்த டெய்லர் அப்பாமேல்தான் சந்தேகம். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்வாரோ என்று பயந்து உடுப்புகளைப் பையில் அடுக்கினேன்.

ஞாயிறு காலை அந்தத் துணி அடுப்படி ஆணியில் தொங்கியது. அவள் மூக்கில், கையால் தைத்த சிவப்பு மணி.

"இது யார் தச்சதுப்பா?"

"நாந்தாம்ல. இவ்வளவு சிங்காரிச்சவளுக்கு மூக்கு மொட்டையா இருந்துச்சு. மீசைய மட்டும் எடுத்துராத. அது நம்ம குடும்ப மீச."

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உடுப்புகளைத் திரும்பப் பீரோவில் வைத்தேன்.